கன்னி மூலையில் கம்பனியின் பெயர்

சென்ற வாரம் பிள்ளையாரை இடம் மாற்றினோம்.

கோயிலில் இல்லை. போனில்.

சிரிக்காதீர்கள். கோயிலில் மாற்றுவது இதைவிட லேசு. அங்கே ஐயர் இருக்கிறார். நாள் பார்ப்பார், பாலாலயம் செய்வார், முறைப்படி இறக்குவார். போனுக்குள் இருக்கிறவரை யார் எழுப்புவது? எப்படி எழுப்புவது?

இந்தப் பக்கத்தை வாசித்துவருகிறவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சொல். நான் பள்ளிக்கூட வேன் ஓடுகிறவன். வீடு கொழும்பில், வெள்ளவத்தையில். விடியப்புறம் வெறும் வேனோடு கொட்டாஞ்சேனை போவேன். அங்கே பிள்ளைகளை ஏற்றி வந்து வெள்ளவத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இறக்குவேன். பள்ளி விட்டதும் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பெரிய விஷயம் எழுதமாட்டேன். நடந்ததை எழுதுவேன்.

வேனில் வரும் பிள்ளைகளில் இருவர் சுகந்தியின் பிள்ளைகள். சுகந்தி கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். வீட்டிலிருந்தே கொம்பியூட்டர் வேலை செய்கிறவள். மத்தியானம் ஆனால் தாய்மார் எல்லோரும் எனக்குப் போன் அடிப்பார்கள் — வேன் எங்கே, வேன் எங்கே என்று. ஓடும்போது நான் போன் எடுக்கமாட்டேன். எடுக்காவிட்டால் அவர்களுக்குப் பயம். எடுத்தால் எனக்குப் பயம்.

சுகந்திதான் வழி கண்டாள். ஒரு ஆப் செய்தாள். திறந்தால் கொழும்பு வரைபடம் வரும். அதில் என் வேன் ஒரு மஞ்சள் புள்ளி. உங்கள் வாசலுக்கு வர இன்னும் எத்தனை நிமிடம் என்று மேலே எழுதும்.

வரைபடம் அவள் கீறியது இல்லை. வெளிநாட்டுக் கம்பனி ஒன்றினுடையது. பாதை பார்த்து நேரம் சொல்வதும் அவர்கள்தான். யாரும் எடுத்துப் பாவிக்கலாம். ஆனால் நிபந்தனை உண்டு. பக்கம் பக்கமாக உண்டு.

சுகந்தி எல்லாப் பக்கமும் வாசித்தாள். வாசித்ததோடு விட்டாளா? வேன் கதவைப் பிடித்துக்கொண்டு எனக்கும் சொன்னாள். படத்தைப் பிரதி எடுத்துச் சேமித்து வைக்கக்கூடாது. அவர்கள் சொல்லும் பாதையை எடுத்து வேறொருவரின் படத்தில் கீறக்கூடாது. சொல்லும் நேரம் கணிப்புத்தான் என்று சனத்துக்குத் தெரியவேண்டும். ஒரு ஆள் எங்கே நிற்கிறார் என்று காட்டுவதென்றால் அந்த ஆளின் சம்மதம் வேண்டும். படத்தின் மூலையில் கம்பனியின் பெயர் இருக்கும், அதை மறைக்கக்கூடாது.

எனக்கு இதெல்லாம் புதிதாகத் தெரியவில்லை. வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறவனுக்கு நிபந்தனை என்ன புதிதா? சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. பல்கனியில் உடுப்புக் காயப்போடக்கூடாது. மீன் பொரித்தால் யன்னலைச் சாத்தவேண்டும். முணுமுணுத்துக்கொண்டே கேட்டு நடக்கிறோம். ஏன்? வீடு எங்களுடையது இல்லை.

படமும் அப்படித்தான்.

சம்மதம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் மனைவி மலர் சுகந்தியிடம் ஒரு விண்ணப்பம் வைத்தாள். ஓட்டம் முடிந்த பிறகும் அந்த மஞ்சள் புள்ளியை அணைக்காமல் விடமுடியாதா? இந்த மனுசன் எந்தக் கடையில் தேத்தண்ணி குடிக்கிறார் என்று பார்க்கலாமே. சுகந்தி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, உங்களுக்குச் சம்மதமோ?”

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. அனுபவித்து, மெதுவாக, இல்லை என்றேன். கடைசிப் பிள்ளை இறங்கியதும் புள்ளி அணைந்துவிடும். நிபந்தனை எழுதினவன் நன்றாக இருக்கட்டும்.

இனிப் பிள்ளையார் கதை.

சென்ற வருடம் மருதானையில் ஒரு பஸ் வேனின் பின்பக்கத்தில் இடித்தது. பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. பின்கண்ணாடி போனது. மலருக்கு நித்திரை போனது. அதன் பிறகுதான் சுகந்தியிடம் கேட்டாள் — அந்தப் படத்தில் ஒரு பிள்ளையாரை வைக்கமுடியுமா என்று.

வேனின் முன்பக்கத்தில் ஏற்கனவே ஒருவர் இருக்கிறார் என்று நான் சொன்னேன்.

“அவர் வேனைப் பாக்கிறார்,” என்றாள் மலர். “பாதையை ஆர் பாக்கிறது?”

 

சரி, எங்கே வைப்பது? பிள்ளையாருக்கு இடம் கன்னி மூலை. கோயிலிலும் அங்கேதான், வீட்டிலும் அங்கேதான். கன்னி மூலை என்றால் தென்மேற்கு. வரைபடத்தில் வடக்கு மேலே. அப்படியானால் தென்மேற்கு எது? இடதுபக்கம், கீழ் மூலை. கொழும்புப் படத்தில் அந்த மூலையில் கடல்தான் இருக்கிறது. பாதை இல்லை, வீடு இல்லை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அளவெடுத்து விட்ட மாதிரி இடம்.

முதலில் கடுகளவு பிள்ளையாரைத்தான் சுகந்தி வைத்தாள். மலர் கண்ணாடி போட்டுப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், தெரியவில்லை என்றாள். கொஞ்சம் பெருப்பித்தாள். தும்பிக்கை தெரியவில்லை. இன்னும் கொஞ்சம். இப்போது பிள்ளையார் பிள்ளையாராக இருந்தார். வெள்ளவத்தைக் கடலில், சம்மணமிட்டு.

கொட்டாஞ்சேனைத் தாய் ஒருத்தி, அந்தோனியாருக்கு எந்த மூலை என்று கேட்டாள். பகிடியாகத்தான். ஆனாலும் எனக்கு ஒரு யோசனை வந்தது. வேனில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். பரீனா என்ன நினைப்பாள்?

பரீனாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுடைய மகள் இரண்டாம் வகுப்பு. கணவன் கட்டாரில். பரீனா கொட்டாஞ்சேனையில் ஒரு தையல் கடையில், மேல்மாடியில் மெஷினில் இருக்கிறாள். வேன் நிற்கும் இடம் கடையிலிருந்து ஒரு தெரு தள்ளி. பெரியவர் ஒருவர் கை நீட்டாமல் நான் பிள்ளையை இறக்கமாட்டேன். அதனால் பரீனா வந்து நிற்கத்தான் வேண்டும். ஆப் வருவதற்கு முன்பு, எப்போது வேன் வருமோ என்று முன்கூட்டியே, நேரத்தோடு இறங்கி வெயிலில் நிற்பாள். கொழும்பின் பெரிய தெருவான காலி வீதி அடைபட்ட நாட்களில் நெடுநேரம் நிற்பாள். முதலாளிக்கு அது பிடிக்காது. முந்தி வேலை செய்த கடையில் இதனாலேயே நிற்பாட்டிவிட்டார்கள். ஆப் வந்த பிறகு போனை மெஷினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துத் தைப்பாள். புள்ளி கிட்ட வந்ததும் எழும்புவாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அடுத்த தையலுக்குத் திரும்பிவிடுவாள்.

அவளிடம் ஒரு நாள் கேட்டேன், பிள்ளையார் படம் இடைஞ்சலா என்று.

“அது ஈக்கட்டும் அண்ணன்,” என்றாள். “மகள் யானை எங்க, யானை எங்க எண்டு செல்லித்தான் போனத் தொறக்கிற.”

எல்லாம் நன்றாகப் போனது. அதுதான் பிழை. நன்றாகப் போனதால் வேறு வேன்காரரும் தங்களையும் சேர்க்கச் சொன்னார்கள். அதிகம் வேன் என்றால் கம்பனியிடம் அனுமதி கேட்கவேண்டும். சுகந்தி எழுதினாள். ஆப் எப்படித் தெரிகிறது, ஒரு படம் அனுப்புங்கள் என்றார்கள். என் போனில் தெரிவதை எடுத்து அனுப்பினாள்.

மரியாதையான பதில் வந்தது. நல்ல வேலை, பிள்ளைகளுக்கு உதவுகிறது, சந்தோஷம். ஆனால் எங்கள் பெயரை ஒரு படம் மறைக்கிறது. ஏழு நாள் தருகிறோம், ஒரு கிழமைக்குள் திருத்துங்கள். இல்லாவிட்டால் சேவை நிறுத்தப்படும்.

கம்பனி தன் பெயரை வைத்திருந்த இடம் எது என்று நினைக்கிறீர்கள்? இடதுபக்கம், கீழ் மூலை.

அவர்களுக்கும் கன்னி மூலைதான்.

சுகந்தியின் போன் பெரியது. அதில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் பெயர் எட்டிப்பார்த்தது. எங்களுடைய சின்னப் போன்களில் பெயர் முழுவதும் அவருக்குப் பின்னால் போய்விட்டது. என் போனில் படம் எடுத்து அனுப்பும்போதுகூட அவள் அதைக் கவனிக்கவில்லை. நாங்கள் பார்த்தோம், ஆனால் அங்கே ஒரு பெயர் இருக்கவேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த நாள் காலை வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அண்ணா, பிள்ளையாரை எழுப்ப வேணும்.”

மலர் அக்கா சொல்லித்தான் வைத்தது, அக்கா சொல்லாமல் கைவைக்கமாட்டேன் என்றும் சொன்னாள். பெரிய படிப்புப் படித்தவள்தான். ஆனாலும் பிள்ளையார் விஷயத்தில் யாருக்குத் துணிச்சல் வரும்?

பக்கத்து வேன்காரன் ரூபனிடம் கதைத்தேன். ரூபனுக்கு உலகத்தில் எல்லாமே லேசு.

“மச்சான், இதை ஷேப் பண்ணிச் சமாளிக்கலாம். படத்தில மட்டும் எடுத்துப்போட்டு அவையளுக்கு அனுப்பு. பிறகு திரும்ப வை. கொட்டாஞ்சேனையில ஆரின்ர போனில ஆர் இருக்கிறார் எண்டு எட்டிப் பாக்கவே போறான்?”

அது வேண்டாம் என்றால் இன்னொரு வழியும் வைத்திருந்தான். வரைபடத்தை ஒருதரம் போட்டோ பிடித்து ஆப்பில் ஒட்டிவிடுவது. பிறகு கம்பனியே தேவையில்லை.

சுகந்தியிடம் சொன்னேன். அதற்கும் நிபந்தனையில் ஒரு வரி இருக்கிறது என்றாள். ரூபன் நினைக்கக்கூடிய எல்லாவற்றையும் அவனுக்கு முதலே யாரோ நினைத்து, எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பனியிலும் ஒரு ரூபன் இருக்கிறான் போல.

வீட்டில் மலரிடம் சொன்னேன். முடியாது என்றாள்.

பிள்ளையாரை மங்கலாக்கி, பின்னால் பெயர் தெரிகிற மாதிரி வைக்கலாமா என்று கேட்டாள். பெயருக்கு மேல் எதுவும் இருக்கக்கூடாதாம் என்றேன். பெயரை அவருடைய வயிற்றில் எழுதினால் என்ன என்று கேட்டாள். கேட்டவுடனே தலையில் குட்டிக்கொண்டாள். வேறு மூலைக்கு மாற்றினால்? அது ஏலாது. கன்னி மூலையில் இருந்து இத்தனை மாதம் ஒரு கீறல் இல்லாமல் பிள்ளைகளைப் பார்த்தவரை, ஒரு கம்பனி சொன்னது என்று எழுப்பி, பிறகு வழியில் ஏதும் நடந்தால் யார் பொறுப்பு?

அவள் பயந்தது பிள்ளையாருக்கு இல்லை. மருதானைக்கு. அது எனக்குத் தெரியும். அதனால் முடியாதாம் என்று சுகந்திக்குச் சொல்லிவிட்டேன்.

சுகந்தி இரண்டு நாள் பார்த்தாள். பிறகு ஆப்பை அவளே நிறுத்தினாள். கிழமை முடிய நாள் இருக்கிறதே என்றேன். பிழை என்று தெரிந்த பிறகு ஓடவிடுவது சரியில்லை என்றாள். தாய்மார் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். எல்லோரும் சரி என்றார்கள். பரீனாவும் சரி என்றாள். அவள் வேறு என்ன சொல்வாள்?

வியாழக்கிழமை பரீனா நேரத்தோடு இறங்கி நின்றாள். அன்றைக்கென்று காலி வீதியில் சரியான அடைசல். நான் போய்ச் சேர்ந்தபோது முகம் சிவந்து போயிருந்தது. மகளை வாங்கிக்கொண்டு விறுவிறென்று திரும்பினாள்.

வெள்ளிக்கிழமைகளில் மலர் மத்தியான ஓட்டத்தில் என்னோடு வருவாள். கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போய்விட்டு என்னோடு திரும்புவாள். அந்த வெள்ளி நாங்கள் போனபோது பரீனா நிற்கும் இடத்தில் பரீனா இல்லை.

முதல் பிள்ளையை இறக்கும்போதே அவளுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. மெஷின் சத்தம். நின்ற இடத்தில் திரும்ப எடுத்தேன். இல்லை. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். மற்றப் பிள்ளைகளுக்குப் பசி. பரீனாவின் மகள் யன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அழவில்லை. மலர்தான் அவளுடைய புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

பிறகு பரீனா வந்தாள். ஓடி வந்தாள். ஒரு செருப்பு காலில். வார் அறுந்த மற்றது கையில்.

முதலாளி நேரத்துக்கு முதல் எழும்பவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எழும்பாமல் இருந்திருக்கிறாள். நேரம் எது என்று தெரியாமல் போனது. மூச்சு வாங்க எனக்குச் சொன்னாள், குறை சொல்வது போல இல்லை, சமாசாரம் சொல்வது போல.

“இனி நேரத்துக்கு முந்தி எறங்கி நிண்டா திங்கக்கெழமையில இருந்து வரத் தேவல்லயாம் அண்ணன். பரவால்ல. நான் எப்பிடியாச்சும் பாத்துக்கொள்றேன்.”

மகளை இறக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடியே போனாள்.

மலர் கோயிலில் இறங்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போவம் என்றாள். கடைசிப் பிள்ளையையும் விட்டுவிட்டுத் திரும்பினோம்.  மருதானைச் சந்தியில் சிவப்பு விழுந்தது. நின்றோம்.

“இஞ்சேருங்கோ. எங்கட வீட்டில கன்னி மூலை எங்க?”

“டொய்லெட்,” என்றேன்.

உண்மைதான். மாடி கட்டினவன் தென்மேற்கில் டொய்லெட்டைக் கட்டிவிட்டான். வெள்ளவத்தையில் கிடைத்த வீட்டுக்குத்தான் நாங்கள் போகவேண்டும். நல்ல மூலையாகத் தேர்ந்தெடுக்க முடியுமா?

“அப்ப நான் பிள்ளையாரை எங்க வைச்சனான்?”

“ஹோலுக்குள்ள. ஹோலுக்கு எண்டு ஒரு கன்னி மூலை பாத்து வைச்சனீர்.”

“ஓம். அப்ப போனுக்கு எண்டு ஒரு கன்னி மூலை இருக்காதோ? படத்துக்கு வெளியில?”

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நான் கொஞ்சம் பிந்தித்தான் எடுத்தேன்.

“பாதையைப் பாக்கத்தான் அவரை வைச்சனான்,” என்றாள் மலர், வெளியே பார்த்துக்கொண்டு. “அந்தப் பிள்ளை பரீனாவைப் பாதையில ஓட விடுறதுக்கு இல்லை.”

அங்கிருந்தே சுகந்திக்குப் போன் அடித்தாள்.

சனிக்கிழமை காலை சுகந்தி மடிக்கணினியோடு வெள்ளவத்தைக்கு வந்தாள். மலர் முழுகிவிட்டு, சாமித் தட்டில் விளக்குக் கொளுத்தி வைத்திருந்தாள். தேங்காய் உடைப்பதா என்று கேட்டாள். கீழ் வீட்டுக்காரர் சத்தம் என்று ஏசுவார், வேண்டாம் என்றேன். கற்பூரத்தோடு விட்டோம்.

சுகந்தி படத்தின் உயரத்தைக் கொஞ்சம் கட்டையாக்கினாள். அதற்குக் கீழே, படத்துக்கு வெளியே, ஒரு பட்டி விட்டாள். நேரம் கணிப்பு மட்டுமே என்ற வரியை அந்தப் பட்டியில் எழுதினாள். பட்டியின் இடதுபக்கக் கோடியைக் காலியாக விட்டாள். மலரைப் பார்த்தாள். மலர் கண்ணை மூடித் தலையாட்டினாள். சுகந்தி பட்டனை அழுத்தினாள்.

பிள்ளையார் இறங்கினார்.

கடலில் அவர் இருந்த இடத்தில் கம்பனியின் பெயர் வெளியே வந்தது. மிகச் சின்ன எழுத்து. இவ்வளவுக்குத்தானா என்று இருந்தது எனக்கு. உலகம் முழுக்கத் தெருத் தெருவாகக் கீறி வைத்திருக்கிறான். கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரம் என்ற ஊரின் முட்டுச்சந்துகூட இருக்கிறது. கேட்பது ஒரு மூலை, ஒரு பெயர். நாங்கள் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால் உபயம் என்று எழுதி, வெளிச்சத்தைப் பாதி மறைத்துப் பெயர் போடுகிற ஆட்கள். எங்களுக்கு இது விளங்காமல் போனதுதான் ஆச்சரியம்.

சுகந்தி இம்முறை எல்லாப் போனிலும் பார்த்தாள். என்னுடையது, மலருடையது, பிறகு கீழே போய்க் காவல்காரரின் போனையும் வாங்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பெயர் தெரிந்தது. எல்லாவற்றிலும் தும்பிக்கையும் தெரிந்தது.

மலருக்கு ஒரே ஒரு குறை.

“இப்ப அவருக்கு மேல ஆரின்ரயோ பேர் நிக்குது.”

“வெள்ளவத்தையில ஆருக்கு மேல ஆக்கள் இல்லை?” என்றேன்.

யோசித்தாள். சரி என்றாள்.

கம்பனிக்குப் படம் போனது. பதில் சுருக்கமாக வந்தது. நன்றி, எல்லாம் சரி, மற்ற வேன்களையும் சேர்க்கலாம். ரூபனும் இப்போது படத்தில் ஒரு புள்ளி. தான்தான் ஷேப் பண்ணியது என்று சொல்லித் திரிகிறான். திரியட்டும்.

திங்கட்கிழமை. நான் திருப்பத்தில் வரும்போது பரீனா அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். நடந்து. கழுத்தில் அளவு நாடா. நானும் அவளும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மகள் இறங்கும்போதே தாயின் போனை வாங்கிப் பார்த்தாள். யானை குளித்து முடித்துக் கரைக்கு வந்துவிட்டது என்றாள். பரீனா சிரித்தாள். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிப்பதற்குள் இரண்டு பேரும் தெருவைக் கடந்துவிட்டார்கள்.

நேரத்துக்கு எழும்பி உடனே திரும்பிவிட்டதால் முதலாளியும் ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டு நாள் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் தன் பேரனின் வேனுக்கும் இது கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறார்.

சுகந்தி கிடைக்கும் என்று சொல்லி, முதலில் இதைப் பாருங்கள் என்று நிபந்தனைப் பக்கங்களை அவருக்கு அனுப்பினாள்.

இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார். பரீனா நேரத்துக்கு எழும்பிப் போவதை அவர் கவனிக்கிறதே இல்லை.